தாயம் விழும் வாய்ப்பு

நிகழ்தகவுக் கணிதத்தில் பயிற்சி எடுக்கும் மாணவர் பெரும்பாலும் சூத்திரங்களை மனனம் செய்வதில் தொடங்குகிறார். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று பொருத்திப் பார்ப்பதே பயிற்சி என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இத்துறையில் நேர்ந்துள்ள பிழைகளை ஆராய்ந்தாலோ, புகழ்பெற்ற பிழைகள் பலவும், எண்ணத் தொடங்குவதற்கு முன்னரே எழுப்பியிருக்க வேண்டிய ஒரு கேள்வி எழுப்பப்படாமல் போனதால் வந்தவை என்பது புலப்படும். எண்ணப்படும் விளைவுகள் எவை, அவை ஒவ்வொன்றும் நேர்வதற்குச் சமமான வாய்ப்பு உடையவைதாமா என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை கண்டபின் வரிசை மாற்றம், சேர்வு, எதிர்பார்ப்பு மதிப்பு ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் இயல்பாக வந்து பொருந்துகின்றன என்பதைத் தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் தாய ஆட்டத்தைக் கொண்டு விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

தாயக்கட்டை என்பது நான்கு பட்டைகள் கொண்ட நீண்ட கட்டை. பித்தளையில் செய்யப்படுவது பெருவழக்கு. நான்கு பட்டைகளில் ஒன்று வெறுமையாகவும், ஏனைய மூன்று முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் உடையனவாகவும் இருக்கும். அத்தகைய இரண்டு கட்டைகளை உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுவர். கூட்டுத்தொகை ஒன்றானால் அது தாயம். இரண்டு கட்டைகளும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. ஆகவே ஓர் உருட்டில் விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என்னும் ஏழு. தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்தில் இறங்கும் என்பதும், 1, 5, 6, 12 விழுந்தவர் மீண்டும் உருட்டலாம் என்பதும் பரவலான விதிகள். ஊருக்கு ஊர் வேறுபாடுகள் உண்டெனினும், இங்கே இவ்விதிகளே அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

ஓர் உருட்டில் தாயம் விழுவதற்கான நிகழ்தகவு எவ்வளவு? விழக்கூடிய எண்கள் ஏழு, அவற்றுள் தாயம் ஒன்று, ஆகவே விடை 1/7 என்று ஒருவர் சொல்லக்கூடும். இன்னொருவர் சற்று நுணுகி நோக்கி, இரண்டு கட்டைகளின் மேற்பட்டைகளை இணைகளாக எழுதி, வெறுமையும் வெறுமையும், வெறுமையும் ஒன்றும் என்று தொடங்கி மூன்றும் மூன்றும் வரை பத்து இணைகள் இருப்பதைக் கண்டு, 1/10 என்று முடிவு கட்டக்கூடும். இரண்டு விடைகளும் பிழை. சரியான விடை 1/8. இதை அறிய, ஒரு கட்டைக்குச் சிவப்பு வண்ணமும் மற்றதற்குப் பச்சை வண்ணமும் பூசியதாகக் கொள்வது போதும். சிவப்புக் கட்டை நான்கு விதமாக விழலாம். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பச்சைக் கட்டை நான்கு விதமாக விழலாம். ஆகவே மொத்த விளைவுகள் 16. கட்டைகள் ஒழுங்காகச் செய்யப்பட்டவையானால், இந்தப் பதினாறில் ஒன்றுக்கு மற்றொன்றைவிடக் கூடுதல் வாய்ப்பு இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. தாயம் விழும் வகைகள் இரண்டு: சிவப்பில் ஒன்றும் பச்சையில் வெறுமையும், அல்லது சிவப்பில் வெறுமையும் பச்சையில் ஒன்றும். பதினாறில் இரண்டு என்பது 1/8. வண்ணம் பூசியதால் கட்டைகள் விழும் விதம் மாறிவிடுவதில்லை. ஆகவே வண்ணம் பூசாத கட்டைகளுக்கும் இதே விடை பொருந்தும்.

இங்கே கலைச்சொற்கள் சிலவற்றை விளக்கிவிடலாம். விளைவை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாததும், ஆனால் விழக்கூடிய எல்லா விளைவுகளையும் பட்டியலிடக்கூடியதுமான செயல் சமவாய்ப்புச் சோதனை எனப்படும். கட்டை உருட்டுவது அத்தகையது. அந்த விளைவுகள் அனைத்தின் தொகுப்பு கூறுவெளி. கூறுவெளியின் ஒரு பகுதி நிகழ்ச்சி. தாயம் என்பது இரண்டு விளைவுகளைக் கொண்ட ஒரு நிகழ்ச்சி. எல்லா விளைவுகளும் சமவாய்ப்புடையவையானால், நிகழ்ச்சிக்குச் சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவதே நிகழ்தகவு. அந்த ‘ஆனால்’ என்ற நிபந்தனையே இவ்வரையறையின் உயிர்நாடி. 1/7 என்றவரும் 1/10 என்றவரும் வகுத்தலில் தவறவில்லை, அந்த நிபந்தனையைச் சோதிக்காமல் வகுத்தனர்.

இத்தகைய பிழை தொடக்கநிலை மாணவருக்கு மட்டும் உரியது என்று கருத வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவரான தலம்பேர், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754இல் வெளிவந்த கட்டுரையில், ஒரு நாணயத்தை இருமுறை சுண்டும்போது ஒருமுறையேனும் தலை விழும் நிகழ்தகவு 2/3 என்று வாதிட்டார். முதற்சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே தலை, பூவும் தலையும், பூவும் பூவும் என மூன்று நிலைகளே உள்ளன. அவற்றுள் இரண்டு சாதகமானவை என்பது அவர் வாதம். மூன்று நிலைகளும் சமவாய்ப்புடையவை அல்ல என்பதையும், முதல் நிலைக்கு மற்ற ஒவ்வொன்றைவிட இருமடங்கு வாய்ப்பு உண்டு என்பதையும், ஆகவே சரியான விடை 3/4 என்பதையும் அவர் ஏற்கவில்லை. அவருக்கு நூறாண்டுகளுக்கும் மேல் முற்பட்ட கலிலியோவோ இதே வகைச் சிக்கலைத் தெளிவாக அவிழ்த்திருந்தார். மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டுத்தொகை ஒன்பதாக அமையும் எண்சேர்க்கைகளும் ஆறு, பத்தாக அமைபவையும் ஆறு. அப்படியிருந்தும் பத்து சற்று அதிகமாக விழுவதை ஆட்டக்காரர்கள் அனுபவத்தில் கண்டிருந்தனர். பகடைகளைத் தனித்தனியே இனங்கண்டு எண்ணினால் 216 விளைவுகளுள் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27 என்று கலிலியோ காட்டினார். மூன்று மூன்றுகள் சேர்ந்து ஒன்பதாகும் சேர்க்கை ஒரே வகையில் மட்டும் நிகழக்கூடியது; ஒன்று, இரண்டு, ஆறு சேர்ந்து ஒன்பதாகும் சேர்க்கையோ ஆறு வகைகளில் நிகழ்கிறது. இந்த வேறுபாட்டை ஆட்டக்காரர்களின் கண் கணித அறிஞர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தது என்பது வியப்புக்குரியது.

தாயக்கட்டையின் பதினாறு விளைவுகளையும் எண்வாரியாகப் பிரித்தால், தாயத்துக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு 1 என அமையும். இவற்றைக் கூட்டினால் 16 வரவேண்டும், வருகிறது. எந்தப் பட்டியலையும் இவ்வாறு கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம், பயிற்சியில் இருப்பவர் ஒருபோதும் கைவிடக்கூடாதது.

பதினாறு என்ற எண்ணைப் பட்டியல் போட்டே பெறலாம். விளைவுகள் பெருகும்போதோ பட்டியல் கைகொடுக்காது, எண்ணும் முறைகள் தேவைப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் அடித்தளம் பெருக்கல் விதி: ஒரு செயலை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையான வழிகளிலும், அதைத் தொடரும் செயலை ஒவ்வொரு முறையும் மற்றொரு எண்ணிக்கையான வழிகளிலும் செய்யக்கூடுமானால், இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழிகள் அவ்விரு எண்களின் பெருக்கற்பலன். பொருள்களை வரிசைப்படுத்தும் வகைகளின் எண்ணிக்கையான வரிசை மாற்றம் இதிலிருந்து பிறப்பது. பாஸ்கராச்சாரியார் 1150இல் இயற்றிய லீலாவதியில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு உண்டு. சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகிய நான்கையும் திருமால் தம் நான்கு கைகளில் மாற்றி மாற்றி ஏந்தினால் எத்தனை திருவுருவங்கள் கிடைக்கும் என்று அந்நூல் வினவுகிறது. முதற்கைக்கு நான்கில் ஒன்று, இரண்டாம் கைக்கு எஞ்சிய மூன்றில் ஒன்று, மூன்றாம் கைக்கு இரண்டில் ஒன்று, நான்காம் கைக்கு மிஞ்சியிருப்பது; ஆகவே 4 × 3 × 2 × 1 = 24. கேசவன் முதல் கிருஷ்ணன் வரையுள்ள இருபத்துநான்கு திருப்பெயர்களை வைணவச் சிற்ப மரபு இந்த இருபத்துநான்கு அமைப்புகளோடு இணைத்தே வேறுபடுத்துகிறது. அதே நூல், பத்துக் கைகளில் பத்துப் பொருள்களை ஏந்தும் சிவபெருமானுக்கு 36,28,800 அமைப்புகள் என்றும் கணக்கிடுகிறது. ஓர் எண்ணிலிருந்து ஒன்றுவரை இறங்கிவரும் எண்களை எல்லாம் பெருக்கிப் பெறும் இத்தொகைக்குக் காரணீயப் பெருக்கம் என்று பெயர். நான்கிலிருந்து பத்துக்குச் செல்வதற்குள் இருபத்துநான்கு முப்பத்தாறு இலட்சத்தைத் தாண்டிவிடும் இவ்வேகமே, பட்டியல் போட்டு எண்ணுவதன் எல்லையை உணர்த்துகிறது.

வரிசை பொருட்டல்லாதபோது எண்ணவேண்டியது சேர்வு. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையில், பதினாறு நறுமணப் பொருள்களிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்துக் கலக்கும் வழிகள் 1820 என்று கூறப்பட்டுள்ளது. நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் வழிகள் 16 × 15 × 14 × 13, அதாவது 43,680. ஆனால் கலவையில் எது முதலில் இடப்பட்டது என்பது மணத்தை மாற்றுவதில்லை. ஒரே நான்கு பொருள்கள் 24 வரிசைகளில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருப்பதால், 43,680ஐ 24ஆல் வகுத்தால் 1820 கிடைக்கிறது. இவ்வகுத்தலைப் பொதுவிதியாக எழுதிவைத்தவர் ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர். அவருடைய கணித சார சங்கிரகத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்து 1912இல் சென்னையிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் பேராசிரியர் ரங்காச்சாரியார். இவ்விதியைப் பாடநூலில் கற்கும் தமிழ் மாணவர், இது கருநாடகத்தில் பிறந்து சென்னையில் அச்சேறிய செல்வம் என்பதை அறிந்து கற்பது நன்று.

சேர்வு தாயத்தோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பதைச் சோழிகள் காட்டும். பித்தளைக் கட்டை இல்லாத இடத்தில் ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டு, வாய் மேலாக விழுந்தவற்றை எண்ணுவதும், ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு என்று கொள்வதும் உண்டு. ஆறு சோழிகளில் ஒன்று மட்டும் நிமிர்ந்து விழும் வகைகள் ஆறு, இரண்டு நிமிர்வது, ஆறிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பானது ஆகையால் பதினைந்து, மூன்றுக்கு இருபது, பின்னர் மீண்டும் பதினைந்து, ஆறு, ஒன்று, எதுவும் நிமிராமை ஒன்று, கூட்டுத்தொகை 64. அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் எனத் தொடங்கி ஆறும் சேரும்வரை கலக்கும் வழிகள் 63 என்று பண்டை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை சொல்லும்போது எண்ணியது இதே ஆறு, பதினைந்து, இருபது வரிசையையே; சுவையே இல்லாத கலவை என்ற ஒன்று மட்டும் அங்கே விடப்பட்டுள்ளது. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், குறிலும் நெடிலும் கலந்துவரும் அடிகளை எண்ணுவதற்கு இவ்வெண்களை மலை வடிவில் அடுக்கி, மேரு பிரஸ்தாரம் என்று விளக்கினார். மேலைநாட்டில் பாஸ்கல் முக்கோணம் என வழங்குவதும் அந்த அடுக்கே. யாப்பும் மருத்துவமும் சோழியும் ஒரே எண்வரிசையில் வந்து சந்திப்பது தற்செயல் அன்று. ஒவ்வொரு பொருளும் உண்டு அல்லது இல்லை என்ற இரு நிலைகளில் ஒன்றை ஏற்கும் இடங்களிலெல்லாம் இவ்வரிசை தோன்றியே தீரும்.

எனினும் 64 விளைவுகளுள் தாயத்துக்கு ஆறு என்பதால் சோழியில் தாயம் விழும் நிகழ்தகவு 6/64 என்று உடனே எழுதிவிடலாகாது. சோழியின் ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கிறது. அது நிமிர்வதற்கும் கவிழ்வதற்கும் சம வாய்ப்பு உண்டென்று கொள்வதற்கு அதன் வடிவம் இடந்தருவதில்லை. சேர்வுகளின் எண்ணிக்கை மாறாது. ஆனால் அவற்றுக்குரிய எடை மாறும். ஒரு சோழி நிமிரும் நிகழ்தகவைப் பலமுறை போட்டுப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். பித்தளைக் கட்டையிலும் இத்தகைய சோதனை பயனுடையது. சரியான கட்டைகளை ஆயிரம் முறை உருட்டினால் சராசரியாக 125 தாயங்கள் எதிர்பார்க்கப்படும். விளைவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவைக் குறிக்கும் திட்ட விலக்கம், ஆயிரத்தை 1/8ஆலும் 7/8ஆலும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், ஏறத்தாழ 10.5 ஆகும். ஆகவே சராசரியிலிருந்து அதன் இருமடங்குக்குள், அதாவது 104க்கும் 146க்கும் இடையே எந்த எண்ணிக்கை வந்தாலும் அதைக் கொண்டு கட்டையைக் குறை சொல்ல இயலாது. 180 வந்தால் கட்டையை ஆராய்ந்தே ஆகவேண்டும்.

இனி, காய் இறங்கக் காத்திருக்கும் ஆட்டக்காரரின் நிலையை நோக்கலாம். அவருடைய முறையில் முதல் உருட்டிலேயே தாயம் விழும் நிகழ்தகவு 1/8. ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் அவர் மீண்டும் உருட்டலாம். அதற்குரிய நிகழ்தகவு 4/16, அதாவது 1/4. மீண்டும் உருட்டும்போது அவர் தொடக்கத்தில் இருந்த அதே நிலையில்தான் இருக்கிறார். ஆகவே ஒரு முறையில் தாயம் கிடைக்கும் நிகழ்தகவை ‘த’ என்று குறித்தால், த = 1/8 + த/4 என்ற சமன்பாடு கிடைக்கிறது; அதைத் தீர்த்தால் த = 1/6. பதினாறையும் எட்டையும் சுற்றிவந்த கணக்கு இங்கே பகடையின் ஒரு முகத்துக்கு நிகரான எண்ணில் வந்து நிற்கிறது. முடிவில்லாமல் நீளக்கூடிய உருட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டாமல், நிலைமை தன்னைத்தானே திரும்பக் கொண்டுவரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரே சமன்பாட்டில் அடக்கும் இம்முறை, இத்துறையில் பழகிக்கொள்ள வேண்டிய உத்திகளுள் மிகவும் பயனுள்ளது.

நான்கு பேர் ஆடும்போது முதற்சுற்றுக்குள் ஒருவருக்காவது தாயம் கிடைக்கும் நிகழ்தகவு என்ன என்ற வினா அடுத்து எழுகிறது. ஒருவருக்கு மட்டும், இருவருக்கு, மூவருக்கு என்று பிரித்து எண்ணுவதைவிட, ஒருவருக்கும் கிடைக்காமை என்னும் நிரப்பு நிகழ்ச்சியைக் காண்பது எளிது. ஒருவர் உருட்டுவது மற்றவர் உருட்டுவதைப் பாதிப்பதில்லை. இத்தகைய சார்பிலா நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒருங்கே நேரும் நிகழ்தகவு அவற்றின் பெருக்கற்பலன். 5/6ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296; அதை ஒன்றிலிருந்து கழித்தால் 671/1296, அதாவது 51.8 விழுக்காடு. பதினேழாம் நூற்றாண்டில் செவாலியே தெ மேரே என்ற பிரெஞ்சுச் சூதாட்டப் பிரியரோடு தொடர்புபடுத்தப்படும் புகழ்பெற்ற பந்தயத்தின் எண்ணும் இதுவே: ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒருமுறையேனும் ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவது இலாபம் தரும். ஆனால் இரண்டு பகடைகளை இருபத்துநான்கு முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று கட்டும் பந்தயத்தில் நிகழ்தகவு 49.1 விழுக்காடாகக் குறைந்து இழப்பே மிஞ்சும். விளைவுகள் ஆறு மடங்காகும்போது உருட்டுகளையும் ஆறு மடங்காக்கினால் வாய்ப்பு மாறாது என்ற நம்பிக்கையே அந்த இழப்புக்குக் காரணம்.

ஒரு முறையில் 1/6 என்பதால் தாயத்துக்காகச் சராசரியாக ஆறு முறைகள் காத்திருக்க வேண்டும். இச்சராசரி ஓர் உத்தரவாதம் அன்று: ஆறு முறைகள் கடந்தும் தாயம் விழாதிருக்கும் நிகழ்தகவு 5/6இன் ஆறாம் அடுக்கு, ஏறத்தாழ 33.5 விழுக்காடு, மூவரில் ஒருவருக்கு அந்நிலை நேரும். அவ்வாறு ஆறு முறைகள் ஏமாந்தவருக்கு ஏழாம் முறையில் வாய்ப்பு கூடிவிட்டது என்று சுற்றியிருப்போர் தேற்றுவது வழக்கம். கட்டைக்கு நினைவு கிடையாது. ஏழாம் முறையிலும் அவருக்குரிய நிகழ்தகவு அதே 1/6, அவர் இன்னும் காத்திருக்க வேண்டிய சராசரிக் காலமும் அதே ஆறு முறைகள். பணத்தை இழந்தவர்கள் இழந்ததை மீட்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று நம்பி மேலும் இழப்பதற்கு இவ்வுண்மையை உணராமையே பெருங்காரணம் ஆதலால், பள்ளிப் பாடத்தில் இதற்கு இப்போதுள்ளதைவிடக் கூடுதல் இடம் தரப்பட வேண்டும்.

சராசரி என்று இதுவரை சொல்லப்பட்டதன் முறையான பெயர் எதிர்பார்ப்பு மதிப்பு. ஒவ்வொரு விளைவின் மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி வருவது அது. இக்கருத்து பிறந்ததற்கு இடமளித்த சிக்கல், 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்களில் விவாதித்தது. சமதிறமை உடைய இருவர் ஆளுக்கு 32 பிஸ்தோல் பொன் நாணயம் பந்தயம் வைத்து, முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே 64உம் என்று ஆடுகையில், ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுபோனால் பணத்தை எப்படிப் பிரிப்பது? முன்பிருந்தோர் வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பிரிக்க முயன்றனர். பாஸ்கலோ இனி நிகழக்கூடியதை நோக்கினார்: அடுத்த ஆட்டத்தில் முன்னிற்பவர் வென்றால் அவருக்கு 64, தோற்றால் இருவரும் சமநிலை அடைவதால் அவருக்கு 32, ஆகவே 32 அவருக்கு எப்படியும் உரியது, எஞ்சிய 32இல் பாதி சேர்ந்து 48 அவர் பங்கு, 16 மற்றவர் பங்கு. கடந்த காலக் கணக்கிலிருந்து எதிர்காலக் கணக்குக்கு இவ்வாறு திரும்பியதே நிகழ்தகவுக் கணிதத்தின் உண்மையான தொடக்கம் எனலாம். 1657இல் ஹைகன்ஸ் வெளியிட்ட சிறுநூல் இக்கருத்தையே அடித்தளமாக்கி எழுதப்பட்டது. உருட்டுகள் பெருகப் பெருக, கண்ட சராசரி எதிர்பார்ப்பு மதிப்பை நெருங்கும் என்னும் பெரும் எண்களின் விதியை யாக்கோபு பெர்னூலி மெய்ப்பித்தார். அது அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து 1713இல் அச்சாயிற்று.

தாயக்கட்டையின் ஓர் உருட்டுக்கு எதிர்பார்ப்பு மதிப்பு காண, ஒரு கட்டையின் சராசரி 0, 1, 2, 3 ஆகியவற்றின் சராசரியான 1.5 என்பதைக் கொண்டு தொடங்கலாம். இரண்டு கட்டைகளுக்கு 3. தனித்தனி எதிர்பார்ப்புகளைக் கூட்டினால் கூட்டுத்தொகையின் எதிர்பார்ப்பு கிடைக்கும் என்ற இப்பண்பு, நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் மாறாதது. இரண்டும் வெறுமையானால் சுழியத்துக்குப் பதில் 12 தரப்படுவதால் 12/16 கூடி, மொத்தம் 3.75. எந்த உருட்டிலும் 3.75 விழப்போவதில்லை, அது நெடுநேர ஆட்டத்தின் சராசரி. மீண்டும் உருட்டும் உரிமை தரும் 1, 5, 6, 12 ஆகியவற்றின் நிகழ்தகவு 6/16, அதாவது 3/8. ஒரு முழு முறையின் எதிர்பார்ப்பை ‘ம’ என்று கொண்டால், ம = 3.75 + (3/8)ம; தீர்த்தால் ம = 6. இறங்கிய காய்களுடன் ஆடுபவர் ஒரு முறைக்குச் சராசரியாகச் சரியாக ஆறு கட்டங்கள் பெறுகிறார். சோழிகள் சமவாய்ப்புடையவை என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால், இதே வழியில் அவற்றுக்குக் கிடைப்பது 4.08 மட்டுமே, ஆகவே ஒரே கட்டத்தில் கட்டையால் ஆடும் ஆட்டம் சோழியால் ஆடுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகச் செல்லும்.

எதிரியின் காய்க்கு முன்னால் நிற்கும் தன் காயை எந்தத் தொலைவில் நிறுத்தினால் வெட்டுப்படும் ஆபத்து குறைவு என்பதையும் இம்முறையால் அறியலாம். எதிரி ஒரே காயை நகர்த்துவதாகக் கொண்டால், ஒரு கட்டம் தள்ளி நிற்கும் காயைத் தாயம் மட்டுமே வெட்டும், ஆபத்து 12.5 விழுக்காடு. மூன்று கட்டம் தள்ளி நிற்பதை மூன்று விழுந்தும், தாயமும் இரண்டும் தொடர்ந்து விழுந்தும், மூன்று தாயங்கள் அடுத்தடுத்து விழுந்தும் வெட்டலாம், ஆபத்து 27.5 விழுக்காடு. ஆறு கட்டம் தள்ளி நின்றால் ஆறும், ஐந்தும் தாயமும் சேர்ந்து இரு வரிசைகளிலும், அரிதான வேறு சில தொடர்களும் கூடி 9.7 விழுக்காடு. எதிரியை ஒட்டி நிற்பதே மிகுந்த ஆபத்து என்னும் உள்ளுணர்வுக்கு மாறாக, மூன்று கட்டத் தொலைவே கொடியது.

ஆட்டத்தில் பயின்ற இக்கணக்கு உயிர்காக்கும் முடிவுகளிலும் துணைநின்றுள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்கு ஆளெடுக்கையில் மேகநோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் சிக்கனமாக்க, ராபர்ட் டார்ஃப்மன் 1943இல் ஒரு வழியை வெளியிட்டார்: பலருடைய மாதிரிகளைக் கலந்து ஒரே பரிசோதனை செய்வது, தொற்று இல்லையென்றால் அனைவரும் விடுபடுவர், இருந்தால் மட்டும் தனித்தனியே சோதிப்பது. 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொரோனாத் தொற்று குறைவாக இருந்த பகுதிகளில் ஐந்து மாதிரிகள் வரை இவ்வாறு கலக்க அனுமதித்தது. தொற்று விகிதம் இரண்டு விழுக்காட்டுக்குக் கீழ் உள்ள இடங்களையே முதன்மையாகக் குறித்து, ஐந்து விழுக்காட்டைத் தாண்டிய இடங்களில் கூடாது என்றது. தொற்று விகிதம் இரண்டு விழுக்காடு எனில் ஐவரில் ஒருவருக்கும் தொற்று இல்லாதிருக்கும் நிகழ்தகவு 0.98இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 0.904. ஆகவே ஐவருக்குத் தேவைப்படும் பரிசோதனைகளின் எதிர்பார்ப்பு, முதற்சோதனை ஒன்றும், ஐந்தை 0.096ஆல் பெருக்கி வருவதும் சேர்ந்து 1.48. தனித்தனியே சோதித்தால் 5. தொற்று விகிதம் ஐந்து விழுக்காடானால் எதிர்பார்ப்பு 2.13 ஆக உயர்கிறது, 27.5 விழுக்காட்டை எட்டினால் கலப்பதால் சிக்கனம் எதுவும் இல்லை.

இக்கணக்கில் ஐவரின் தொற்றும் ஒன்றையொன்று சாராதது என்ற எடுகோள் மறைந்திருக்கிறது. ஒரே வீட்டாரின் மாதிரிகளைக் கலக்கும்போது அது பொருந்தாது. ஒருவருக்கு இருந்தால் ஐவருக்கும் இருக்கும் என்ற எல்லைநிலையைக் கொண்டால், கலவையில் தொற்று தெரியும் நிகழ்தகவு 0.096க்குப் பதில் வெறும் 0.02, பரிசோதனைகளின் எதிர்பார்ப்பு 1.48லிருந்து 1.1 ஆகக் குறைகிறது. ஐவரில் தொற்றுள்ளோரின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை மட்டும் இரு நிலைகளிலும் 0.1 ஆகவே நிற்கிறது. ஏனெனில் அது தனித்தனி எதிர்பார்ப்புகளின் கூட்டுத்தொகை, பரிசோதனைகளின் எண்ணிக்கையோ அவ்வாறு கூட்டிப் பெறத்தக்கது அன்று. ஆகவே தொற்று குறைவாக உள்ள ஊரில் மாதிரிகளைக் கலக்கும் ஆய்வகம், ஊர் முழுவதிலிருந்தும் ஐந்தைந்தாக எடுப்பதைவிட வீடுவீடாகச் சேர்த்துக் கலந்தால், அதே எண்ணிக்கையான மக்களை இன்னும் குறைந்த பரிசோதனைகளில் சோதித்து முடிக்கும்.